சிங்கப்பூரில் பாலர் பள்ளி உரிமம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது கட்டணத்தையும் பாடத்திட்டத்தையும்தான். பிள்ளை பத்திரமாக இருப்பது வேறு சில விவரங்களைப் பொறுத்தது: அறையில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எந்த நேரத்தில் இருக்கிறார்கள், அங்கு நடப்பதை யார் வந்து பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது.

எந்த இடத்துக்கெல்லாம் உரிமம் வேண்டும்?

7 வயதுக்குக் குறைந்த 5 அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை வழக்கமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு உரிமம் வேண்டும். 2 மாதம் முதல் 18 மாதம் வரையுள்ள சிசுக்களுக்கானது சிசு பராமரிப்பு. 18 மாதம் முதல் 7 வயதுக்குள் இருப்பவர்களுக்கானது குழந்தைப் பராமரிப்பு. ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம் மட்டும் நடக்கும் பாலர் பள்ளிகள் தனி வகை. ஒரே கூரையின் கீழ் சிசுப் பிரிவும் குழந்தைப் பிரிவும் இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கு இருக்கும் அனுமதி மற்றொன்றுக்கும் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டு மாதக் குழந்தையைச் சேர்ப்பதாக இருந்தால் "சிசு பராமரிப்புக்கு அனுமதி இருக்கிறதா?" என்று தனியாகக் கேளுங்கள்.

உரிமம் தருவது யார்?

பாலர்பருவ மேம்பாட்டு அமைப்பு. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கீழ் இயங்குகிறது. கல்வி அமைச்சும் சேர்ந்து இதை மேற்பார்வையிடுகிறது.

முன்பெல்லாம் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கு ஒரு சட்டமும், பாலர் பள்ளிகளுக்குக் கல்விச் சட்டமும் என இரண்டு வழிகள் இருந்தன. ஒரே வயதுப் பிள்ளைகள் வாசலில் தொங்கும் பலகையைப் பொறுத்து வெவ்வேறு விதிகளுக்குள் வந்தார்கள். பாலர்பருவ மேம்பாட்டு நிலையங்கள் சட்டம் 2017இல் நிறைவேறி, 2019 ஜனவரி 2 முதல் நடப்புக்கு வந்தபோது இரண்டும் ஒரே குடையின் கீழ் வந்தன. பழைய சட்டத்தில் உரிமத்தைப் பறிப்பதற்கும் வெறுமனே எச்சரிப்பதற்கும் நடுவில் போதிய படிகள் இல்லை. புதிய சட்டம் அவற்றைச் சேர்த்தது. பெற்றோருக்கு இதனால் பெரிய பலன் உண்டு. நிலையத்தை மூடினால் நூறு குடும்பங்கள் மறுநாள் தவிக்கும் என்பதால், நடுவில் உள்ள தண்டனைகள்தான் நடைமுறையில் நடத்துநரைத் திருத்துகின்றன.

உரிமக் காலத்திலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

உரிமம் அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு வழங்கப்படும். குறைபாடு கண்டால் அமைப்பு காலத்தைக் குறைக்கும். ஆறு மாத உரிமம் பெற்ற நிலையம் ஆறு மாதத்தில் மறுபடியும் முழுச் சோதனைக்கு ஆளாக வேண்டும். உரிமத் தாளைக் காட்டச் சொல்லி, தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் பாருங்கள். காலம் குறைவாக இருந்தால் உடனே திரும்பிவிட வேண்டியதில்லை. புதிதாகத் திறந்த நிலையமாகக்கூட இருக்கலாம். "ஏன் குறைவு?" என்று கேட்டு, பதில் நேராக வருகிறதா என்று கவனியுங்கள். பல ஆண்டுகளாக நடக்கும் நிலையத்தின் உரிமக் காலம் குறைந்திருக்க, தலைவர் மழுப்பினால் அங்கே சேர்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்?

விதிகளில் மிக முக்கியமானது இது. வயது குறையக் குறைய எண்ணிக்கையும் குறையும்.

சிசுக்கள் (18 மாதத்துக்குள்): ஒருவருக்கு 5 பேர்.
விளையாட்டுக் குழு (18 முதல் 30 மாதம்): ஒருவருக்கு 8 பேர், ஆசிரியரோடு துணை ஆசிரியர் ஒருவரும் இருந்தால் இருவருக்கும் சேர்த்து 12 பேர்.
நர்சரி 1 (இரண்டரை முதல் 3 வயது): ஒருவருக்கு 12; துணையோடு 18.
நர்சரி 2 (3 முதல் 4 வயது): ஒருவருக்கு 15, துணையோடு 20.
பாலர் வகுப்பு 1: ஒருவருக்கு 20, துணையோடு 25.
பாலர் வகுப்பு 2: ஒருவருக்கு 25, துணையோடு 30.

பலரும் தவறாகப் படிப்பது துணையோடு வரும் எண்ணைத்தான். விளையாட்டுக் குழுவில் துணை ஆசிரியர் சேர்ந்தால் பிள்ளைகள் 16 ஆக மாட்டார்கள், 12தான். துணை ஆசிரியரை விதி முழு ஆளாக எண்ணுவதில்லை. ஆகவே "எங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று நிலையம் சொன்னால், அந்த இருவரில் ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

பின்னம் வந்தால் மேல்நோக்கித்தான் எண்ண வேண்டும். 11 சிசுக்களுக்கு இருவர் போதாது, மூவர் வேண்டும். சமையல்காரர், துப்புரவாளர், அலுவலகத்தில் இருக்கும் தலைவர் ஆகியோர் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

விதி சரி. நடப்பில் அது எங்கே உடைகிறது?

காலை பத்து மணிக்கு எந்த நிலையமும் ஒழுங்காகத்தான் இருக்கும். முழுநாள் நிலையங்கள் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை இயங்குகின்றன. எந்த ஆசிரியரும் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்ய முடியாது என்பதால் முறை வைத்து வருவார்கள். காலை 7 முதல் 8.30 வரையிலும், மாலை 5.30க்குப் பிறகும் ஆட்கள் குறைவு. அந்த நேரங்களில் எல்லா வயதுப் பிள்ளைகளையும் ஒரே அறையில் சேர்ப்பது வழக்கம். ஐந்து வயதுப் பிள்ளை விளையாடும் சிறு மணியை ஒன்றரை வயதுக் குழந்தை வாயில் போட்டுக்கொள்வதும், ஓடும் பெரிய பிள்ளை தவழும் குழந்தையின் மேல் விழுவதும் இப்படித்தான்.

இரண்டாவது, இடம் மாறும் நேரங்கள். வகுப்பிலிருந்து கழிப்பறைக்கு, உள்ளிருந்து வெளி விளையாட்டுக்கு, விளையாட்டிலிருந்து சாப்பாட்டுக்கு. பிள்ளை தவறிப்போவது பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடங்களில் நடக்கிறது. நல்ல நிலையத்தில் கிளம்பும் முன், போய்ச் சேர்ந்ததும், திரும்பும் முன், திரும்பியதும் என நான்கு முறை தலையெண்ணுவார்கள். வெறும் எண்ணைச் சொல்லாமல் பெயர்ப் பட்டியலைப் பார்த்து எண்ணுவார்கள். "பதினைந்து இருக்கு" என்று மட்டும் எண்ணினால், பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று கலந்து, நம் பிள்ளை ஒன்று குறைந்தாலும் கணக்கு சரியாகவே வரும்.

மூன்றாவது, ஆசிரியர் மருத்துவ விடுப்பு எடுக்கும் நாள். திங்கள் காலையில் இருவர் வரவில்லை என்றால் மாற்றாள் யார்? குழும நிலையங்கள் பக்கத்துக் கிளையிலிருந்து ஆளை அனுப்பும். தனி நிலையத்தில் தலைவரே வகுப்பில் நிற்பார். இரண்டும் சரிதான். பதிலே இல்லாத நிலையம்தான் ஆபத்து.

அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பாகக் குழந்தை ஒன்றுக்கு 3 சதுர மீட்டர், சிசு ஒன்றுக்கு 5 சதுர மீட்டர். கழிப்பறை, சமையலறை, அலுவலகம் போன்றவை இதில் சேராது. 60 சதுர மீட்டர் அறையில் 20 குழந்தைகள் இருக்கலாம். அதையே சிசு அறையாக்கினால் 12 பேர், அவர்களுக்கு 3 பராமரிப்பாளர்கள். சிசு பராமரிப்புக் கட்டணம் ஏன் இரட்டிப்பாக இருக்கிறது என்பதற்கும் இந்தக் கணக்கே விடை.

ஆசிரியர்களின் தகுதியை யார் பார்க்கிறார்கள்?

பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவரையும் அமைப்பு முன்கூட்டியே ஏற்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழ், பின்னணி இரண்டும் பார்க்கப்படும். சிசுக்களையும் இளம் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வோருக்கு ஒரு நிலை, பாலர் வகுப்புகளில் கற்பிப்போருக்கு அதைவிட உயர்ந்த நிலை எனத் தகுதிகள் பிரிக்கப்பட்டுள்ளன. கடுமையாகத் தவறிழைத்தவரை இத்துறையில் மறுபடி வேலை செய்யாதபடி அமைப்பு தடுக்கலாம். ஒரு நிலையத்தில் நீக்கப்பட்டவர் அடுத்த பேட்டையில் சேர்ந்துவிடாமல் இருக்க இது மிகவும் தேவை.

தகுதித் தாளுக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது: "இந்த வகுப்பின் ஆசிரியர் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார்?" ஓராண்டில் மூன்று முறை ஆசிரியர் மாறிய வகுப்பில் இரண்டு வயதுக் குழந்தை யாரிடமும் ஒட்டாது.

பிள்ளையை அடிக்கக் கூடாது என்று தெரியும். வேறு எதெல்லாம் தடை?

அடிப்பது, உலுக்குவது மட்டுமல்ல. தனி அறையில் அடைத்து வைப்பது, நாற்காலியில் கட்டிப்போடுவது, சாப்பாட்டை மறுப்பது, மற்றப் பிள்ளைகள் முன் அவமானப்படுத்துவது எல்லாம் தடை. வலுக்கட்டாயமாக ஊட்டுவதும் இந்த வரிசையில்தான் வரும். நம் வீடுகளில் மூக்கைப் பிடித்து ஊட்டுவதைப் பெரிய தவறாக நினைப்பதில்லை. படுத்திருக்கும் அல்லது அழும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். 2023 ஆகஸ்டில் ஓர் ஆசிரியை குழந்தையை வற்புறுத்தித் தண்ணீர் குடிக்க வைத்த காணொளி பரவி, நாடே அதிர்ந்தது. பிள்ளை சாப்பிடவில்லை என்றால் "எப்படியாவது ஊட்டிவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லாதீர்கள். எவ்வளவு சாப்பிட்டான் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், போதும்.

கண்காணிப்புக் கேமரா கட்டாயமா? நான் பார்க்கலாமா?

2024 ஜூலை 1 முதல் கட்டாயம். பிள்ளைகள் இருக்கும் அறைகளிலும் விளையாடும் இடங்களிலும் பொருத்தப்படும். கழிப்பறையிலும் குளிக்கும் இடத்திலும் வைக்க மாட்டார்கள். கைப்பேசியில் நேரலையாகப் பார்க்கும் வசதியைத் தர வேண்டிய கட்டாயம் நிலையத்துக்கு இல்லை. சம்பவம் நடந்தால் உண்மையைக் கண்டறியவும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும்தான் பதிவு.

பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டு விளக்கம் பொருந்தவில்லை என்றால் பதிவைப் பார்க்கக் கேட்கலாம். மற்றப் பிள்ளைகளின் முகமும் அதில் இருக்கும் என்பதால் நகல் உடனே கையில் கிடைக்காது. தாமதம் மட்டும் வேண்டாம். பழைய பதிவுகள் குறிப்பிட்ட நாளுக்குப் பின் அழிந்துவிடும். அன்றே தேதி, நேரம், அறை மூன்றையும் குறிப்பிட்டு, "இந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ச்சொல் போதாது.

சிசு அறையில் குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்?

தூக்கம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தொட்டிலில் தலையணை, தடித்த போர்வை, பொம்மை, ஓரத்தில் கட்டும் மெத்தை எதுவும் இருக்கக் கூடாது, மூக்கை அடைத்துவிடும். மெத்தை கெட்டியாக, தொட்டிலின் அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தூங்கும் அறை முழு இருட்டாக இருந்தால் உதட்டின் நிறமோ மார்பின் ஏற்ற இறக்கமோ தெரியாது, ஆகவே மங்கலான வெளிச்சம் வேண்டும். தூங்கும் குழந்தைகளைக் குறித்த இடைவெளியில் பார்த்து, நேரத்தோடு கையெழுத்திடும் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். மாலை நான்கு மணி வரைக்குமான கையெழுத்துகள் மதியம் இரண்டு மணிக்கே நிரம்பியிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

வீட்டில் தூளியில் தூங்கிப் பழகிய குழந்தைக்குத் தொட்டில் முதலில் பிடிக்காது. சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பகல் தூக்கத்தைத் தட்டையான மெத்தையில் பழக்குங்கள்.

காய்ச்சல், தடுப்பூசி, மருந்து?

காலையில் வாசலிலேயே உடல்வெப்பம் பார்ப்பார்கள்; உள்ளங்கை, வாய் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கை, கால், வாய்ப்புண் நோய் பரவாமல் இருக்க இதுவே வழி. பெற்றோர் அவசரப்படுத்துவதால் இந்தச் சோதனை அடிக்கடி பெயருக்கு நடக்கிறது. தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் எதிரான தடுப்பூசிகள் சட்டப்படி கட்டாயம். ஊரில் போட்டிருந்தால் அட்டையை மொழிபெயர்ப்போடு தயாராக வைத்திருங்கள். மருந்து கொடுக்க எழுத்து மூலமான சம்மதம் தேவை: மருந்தின் பெயர், அளவு, நேரம், தேதி. பெயரொட்டு இல்லாத புட்டியைப் பையில் வைத்து அனுப்பாதீர்கள்.

ஸ்பார்க் சான்றிதழ் இருந்தால் போதுமா?

உரிமமும் ஸ்பார்க்கும் வேறுவேறு. உரிமம் கட்டாயம், குறைந்தபட்சத் தரத்தை அது உறுதிசெய்கிறது. 2011 முதல் நடப்பில் உள்ள ஸ்பார்க், பாலர் பள்ளித் தரத்துக்கான சான்று; அதை நிலையமே விரும்பிக் கேட்டுப் பெறும். தலைமைத்துவம், பாடத்திட்டம், கற்பிக்கும் முறை ஆகியவற்றை மதிப்பிடுவோர் வந்து பார்த்துத் தருவார்கள். அது இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த மதிப்பீடு அன்றைய தலைவர், அன்றைய ஆசிரியர்களைப் பார்த்துக் கொடுத்தது. அவர்கள் பாதிப்பேர் போயிருந்தால் சுவரில் உள்ள சான்றிதழை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கட்டணத்துக்கும் உரிமத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மானியம் உரிமம் பெற்ற நிலையத்துக்கே கிடைக்கும். வேலை செய்யும் தாய்மாரின் சிங்கப்பூர்க் குடிமகப் பிள்ளைக்கு அடிப்படை மானியம் முழுநாள் குழந்தைப் பராமரிப்புக்கு மாதம் 300 வெள்ளி வரை, சிசு பராமரிப்புக்கு 600 வெள்ளி வரை. குடும்ப வருமானம் மாதம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால் கூடுதல் மானியமும் உண்டு. அரசாங்க ஆதரவு பெற்ற ஐந்து பெரிய நடத்துநர்களின் முழுநாள் கட்டணத்துக்கு 2025இல் உச்சவரம்பு, பொருள் சேவை வரி நீங்கலாக, 640 வெள்ளி. நிரந்தரவாசிகள், வேலை அனுமதியில் இருப்பவர்கள் இந்த அளவு சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். கட்டணப் பட்டியலில் தங்களுக்குரிய வரியைக் கேட்டுப் பாருங்கள்.

தமிழ் கற்பிப்பது உரிம நிபந்தனையா?

இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் குறைவு என்று சொல்லிப் பல நிலையங்கள் மாண்டரின் மட்டும் வைத்திருக்கின்றன. கல்வி அமைச்சே நடத்தும் பாலர் பள்ளிகளில் தமிழ் உண்டு, ஆனால் அவை பாலர் வகுப்பு 1, 2க்கு மட்டுமே. அதற்கு முந்தைய வயதுக்கு நீங்கள்தான் தேட வேண்டும். "தமிழ் இருக்கிறது" என்றால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆசிரியர் முழுநேரமா, அந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகள் சேர்கிறார்கள் என்று கேளுங்கள். பேட்டையில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரே நிலையத்திடம் கேட்டால் பதில் மாறக்கூடும்.

நிலையத்தைப் பார்க்க எந்த நேரத்தில் போக வேண்டும்?

அவர்கள் தரும் நேரம் காலை பத்தாகவே இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கூடவே இன்னொரு நாள் மாலை 6 மணிக்கு வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளையை அழைக்க வருபவர் யார் என்று சரிபார்த்த பின்தான் கதவு திறக்கிறதா? ஒரு பெற்றோருக்காகத் திறந்த கதவு வழியே வேறு பிள்ளை நழுவ முடியுமா? புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள நிலையங்களில் வாசலைத் தாண்டினால் கார் நிறுத்துமிடம் என்பதால் இது பெரிய விஷயம். சிரித்த முகத்தோடு வரவேற்கிறார்களா என்பதைவிட, உங்களிடம் பேசும்போதும் ஆசிரியரின் கண் பிள்ளைகள் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறை சொல்ல வேண்டுமானால்?

முதலில் காயத்தைப் புகைப்படம் எடுங்கள், தேவையெனில் மருத்துவரிடம் காட்டிக் குறிப்பு வாங்குங்கள். பிறகு நிலையத் தலைவருக்கு எழுதுங்கள்: பார்த்தது என்ன, பிள்ளை சொன்னது என்ன, எப்போது. பிள்ளையிடம் "டீச்சர் அடித்தாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், மூன்று வயதுக் குழந்தை நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத் தந்துவிடும், பின்னால் விசாரணைக்கு அது உதவாது. "என்ன ஆச்சு?" என்று ஒருமுறை கேட்டு, அதன் சொற்களை அப்படியே எழுதி வையுங்கள்.

கடுமையான சம்பவத்தை நிலையமே 24 மணி நேரத்துக்குள் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் அமைப்பிடம் நேரடியாக எழுதலாம். அதன் அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வந்து பார்ப்பார்கள். எச்சரிக்கை, அபராதம், உரிமக் காலக் குறைப்பு, இடைநிறுத்தம், ரத்து என நடவடிக்கைகள் நீளும். துன்புறுத்தல் என்று சந்தேகம் இருந்தால் காத்திருக்காமல் காவல்துறையிடம் போங்கள். வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் எதிரான 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது.

நாங்களே ஒரு நிலையம் தொடங்க நினைக்கிறோம். எதில் தொடங்க வேண்டும்?

இடத்தில். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு அனுமதி தேடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தக் கட்டடத்தைப் பிள்ளைகள் நிலையமாகப் பயன்படுத்த நகர மறுசீரமைப்பு ஆணையமோ வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ ஒப்ப வேண்டும். தீப்பாதுகாப்புக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் பொருந்த வேண்டும். அதன் பிறகே வரைபடம், பொருள்கள், ஆட்கள். ஆட்களைச் சேர்க்கும் முன் மேலே சொன்ன விகிதத்தைக் காலை 7 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பகல் 10 மணிக் கணக்கை வைத்துச் சம்பளச் செலவைத் திட்டமிட்டவர்கள் மூன்றாம் மாதத்திலேயே திணறுகிறார்கள்.

பக்கத்து புளோக் அக்கா வீட்டில் விட்டால் உரிமம் வேண்டாமா?

ஐந்து பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் நிலைய உரிமம் தேவைப்படாது. அதனால் மேற்பார்வையும் இல்லை. 2024 இறுதியில் சிசுக்களுக்கான மூன்றாண்டு முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கியது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட நடத்துநர்கள், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களை வீட்டு அடிப்படையில் ஏற்பாடு செய்கிறார்கள். அதில் சேராமல் தெரிந்தவரிடம் விடுவதாக இருந்தால், வேறு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், சன்னல் கம்பிகள் பூட்டியிருக்கின்றனவா, குழந்தை எங்கே எப்படித் தூங்கும், அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று யார் என்ற நான்கையும் முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.